மைக்கைக் கீழே வை, மாப்ளே

அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம ஊருக்குப் பாடம் நடத்த வர்றியாமே. பத்திரிகை எனக்கும் வந்துருச்சு, மெடிக்கல் ரெப் தம்பி கொண்டாந்து கொடுத்தான். வழவழ அட்டை, தங்க எழுத்து, நடுவுல நீ கோட்டு மாட்டிக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற போட்டோ. பேருக்குப் பின்னால அரை முழத்துக்குப் பட்டம். உங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "இம்புட்டுப் படிச்சவன் ஏண்ணே இப்பிடி மெலிஞ்சு போயிருக்கான்?"னு கேட்டா. பெத்தவளுக்கு அது கவலை. மாமனுக்கு வேற கவலை.

டாக்டருங்களுக்கே ஒரு டாக்டர் வந்து பாடம் எடுக்கிறது நல்ல காரியம்தான். கிருமி நோய்க்குன்னே தனியாப் படிச்சவுக இந்தத் தேசத்துல ரொம்பக் கொஞ்சம். அதுல ஒருத்தன் என் மருமகன்னு டீக்கடையில நானே தம்பட்டம் அடிச்சாச்சு. ஆனா தலைப்பை வாசிச்சேன் பாரு, 'பிரைமரி கேரில் ஆன்டிமைக்ரோபியல் ஸ்டூவர்ட்ஷிப்'னு. சின்ன கிளினிக்குல ஆன்டிபயாடிக்கை அளவறிஞ்சு எழுதுறதுன்னு அர்த்தமாம். முடிக்கிறதுக்குள்ள ரெண்டு கொட்டாவி. ஆயுசுல பாதியைச் சின்ன ஊரு கிளினிக்குல கம்பவுண்டரா ஓட்டினவன் நான். டாக்டர் பேசுறதையும் கேட்டிருக்கேன், டாக்டர் அங்கிட்டுப் போனதும் சனங்க பேசுறதையும் கேட்டிருக்கேன். ரெண்டாவதை நீ கேட்டதில்லை. அதனால இந்தக் காகிதத்தை ரயில்ல வரும்போது வாசி.

மொதல்ல உன் முன்னால யாரு உக்காந்திருப்பாகன்னு தெரிஞ்சுக்கோ. அஞ்சு வருஷத்துல 30 மணி நேரம் இந்த மாதிரி சி.எம்.இ.யில, அதான் டாக்டருங்களுக்கான தொடர் பாட வகுப்புல, உக்காரணும்னு 2002லேயே மெடிக்கல் கவுன்சில் விதி போட்டிருச்சு. அந்த மணிக்கணக்கைத் தேத்தத்தான் பாதிப் பேரு வர்றாக. வாசல்ல கையெழுத்து நோட்டு இருக்கும். கையெழுத்துப் போட்ட கையோட சில பேருக்கு அவசர கேஸ் வந்துரும். சாப்பாட்டு நேரத்துக்கு அந்த அவசரம் தானாத் தீந்து, திரும்பி வந்துருவாக. மொத வரிசையில சங்கத் தலைவர் மட்டும் உக்காந்து கண்ணை மூடிக் கேப்பாரு. அவரைக் கோவிச்சுக்காதே. முந்தின நாள் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஓ.பி. பார்த்த மனுசன்.

மண்டபத்துக்கு வெளியே ஒரு மேசை போட்டிருக்கும். அந்த மேசைக்காரன் என்ன மருந்து விக்கிறான்னும் பாத்துக்கோ. நீ உள்ளே 'செஃபலோஸ்போரினைக் கண்டபடி எழுதாதீங்க'ன்னு தொண்டை வத்தப் பேசுவ. உன் மைக் செட்டுக்கும் எலுமிச்சை சாதத்துக்கும் பணம் கட்டினவன் வெளியே அதே மருந்தை அடுக்கி வச்சிருப்பான். 2024ல சர்க்கார் புதுசா நெறிமுறை போட்டு, டாக்டருங்களுக்குப் பரிசுப் பொருள் கூடாதுன்னு சொன்ன பிறகு பழைய செழிப்பு இல்லேன்னு ரெப் தம்பி வருத்தப்பட்டான். சாப்பாடு மட்டும் குறையலையாம். யாரு காசுல பேசுறேங்கிறதை மொத ஸ்லைடுலயே சொல்லிரு. யாரும் எந்திரிச்சுப் போயிற மாட்டாக, சாம்பார் வாசம் வர ஆரம்பிச்சிருக்கும்.

போன தடவை மதுரையில நீ பேசின வீடியோவை எனக்கு அனுப்பினியே, பூராவும் பார்த்தேன். மொத அரை மணி நேரம் ஐ.சி.யு., வென்டிலேட்டர், கொலிஸ்டின், பெரிய ஆன்டிபயாடிக்கையே முறிக்கிற என்.டி.எம்.-1 நொதி. அதுக்கு டெல்லி பேரை வச்சுட்டாகன்னு நாடே கோவிச்சுக்கிட்ட கதை வேற. அப்புறம் 2012ல மருத்துவச் சங்கங்க சென்னையில கூடி, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்த நாடு என்ன செய்யணும்னு 'சென்னைப் பிரகடனம்' போட்ட பெருமை. பெருமைதான், இல்லேங்கல. 2014 மார்ச்சுல ஹெச்-1 அட்டவணையும் வந்துச்சு. அதுல உள்ள மருந்தை வித்தா, யாரு எழுதினாக, யாருக்குக் கொடுத்தோம்னு கடைக்காரர் தனி நோட்டுல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். நோட்டு இருக்கு மாப்ளே. ஒரு கடையில ஆடுற மேசைக்கு அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கு. எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், எனக்கு அங்க கடன் கணக்கு ஓடுது.

நீ படம் காட்டுற ஐ.சி.யு.வை உன் முன்னால இருக்கிறவரு ஆயுசுக்கும் நடத்தப் போறதில்ல. அவருக்கு இருக்கிறது ஒரு ரூமு, ஒரு ஸ்டெதஸ்கோப்பு, ஒரு பி.பி. மிஷின், வெளியே டோக்கனோட அம்பது பேரு. அந்த ரூமுக்குள்ள உன் ஸ்லைடு நுழையுமான்னு பாரு.

ராத்திரி ஒம்பதரைன்னு வச்சுக்கோ. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கிற பொம்பளை, அஞ்சு வயசுப் பயலைத் தூக்கிட்டு வர்றா. ரெண்டு நாளாச் சளி, காய்ச்சல், இருமல். நாளைக்கு வேலைக்குப் போகலேன்னா கூலி கிடையாது. வைரஸ்னு டாக்டருக்குத் தெரியும். தெரியலேன்னு நினைச்சுத்தான் நீ ரயிலேறி வர்ற. நல்லாத் தெரியும் மாப்ளே. ஆனா 'ஒண்ணுமில்ல, தானாச் சரியாயிரும்'னு சொன்னாருன்னா அந்தப் பொம்பளை ஒரு கேள்வி கேப்பா. "அப்ப எதுக்குய்யா இம்புட்டுத் தூரம் காசு செலவழிச்சு வந்தேன்?" உன் கைட்லைன்ல இதுக்கு எத்தனையாம் பக்கத்துல பதில் இருக்கு?

ஊசி போடலேன்னா எதிர்த்தாப்புல இன்னொரு கிளினிக்கு. அங்க ஊசியும் போட்டு, 'முந்திப் பார்த்தவரு கவனிக்காம விட்டுட்டாரு'ன்னு ஒரு வார்த்தையும் இனாமாக் கொடுப்பாக. வைரஸ்னு விளக்கிச் சொல்ல அஞ்சு நிமிசம், அசித்ரோமைசின்னு சீட்டு எழுத அரை நிமிசம். வெளியே அம்பது பேரு இருமுறாக. நீயா இருந்தா என்ன செய்வ? நிசத்தைச் சொல்லு, மாமன்கிட்ட என்ன வெக்கம்.

அதனால வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள வித்தியாசத்தை அவுகளுக்குச் சொல்லாதே. அந்தப் பொம்பளைகிட்டப் பேசுறதுக்கு, நம்ம பேச்சுல, வாய்க்கு வாகா நாலு வாக்கியம் செஞ்சு கொடு. "நெஞ்சு சுத்தமா இருக்கு தாயி. காதையும் பாத்துட்டேன், சீழ் இல்ல. இருமல் ரெண்டு மூணு வாரம்கூட இழுக்கும், பயப்படாதே. மூச்சு வாங்கினா, நெஞ்சுல குழி விழுந்தா, தண்ணி குடிக்க மாட்டேன்னா, மூணு நாளாகியும் காய்ச்சல் விடலேன்னா, ராத்திரின்னு பாக்காம தூக்கிட்டு வா. மறுக்க வந்தா காசு கிடையாது." இதை ஹால்ல சத்தமாச் சொல்லிப் பாரு. கடைசி வாக்கியம் வரும்போது நாலு பேருக்குத் திடீர்னு இருமல் வரும். அந்த இருமலுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம்.

இங்கிலாந்துல வேற ஒரு வழி வச்சிருக்காகளாம். சீட்டை எழுதிக் கையில கொடுத்துட்டு, நாலு நாள் பொறுத்துப் பாருங்க, குறையலேன்னா மட்டும் மருந்து வாங்குங்கன்னு சொல்றதாம். பல பேரு கடைக்கே போகலையாம். நம்ம ஊருல கடை கிளினிக்கோட ஒட்டுத் திண்ணையில இருக்கு, சிலது டாக்டரோட மச்சானுக்குச் சொந்தம். நோயாளி பொறுத்தாலும் மச்சான் பொறுக்க மாட்டாரு. அதான் மறுக்க வந்தா காசு கிடையாதுங்கிற வழியைச் சொல்றேன், நம்ம தோதுக்கு அதுதான் சரிப்படும்.

டெங்குவுக்கு மட்டும் தனி வாக்கியம் வேணும். 2012ல கடையநல்லூர்ப் பக்கம் சனம் பட்ட பாடு இன்னும் யாருக்கும் மறக்கலை. காய்ச்சல் இறங்குற அந்த ஒண்ணு ரெண்டு நாள்லதான் ரத்தக்குழாயில இருந்து நீர் கசியுதுன்னு உனக்குத் தெரியும், உன் முன்னால இருக்கிறவருக்கும் தெரியும். வீட்டுல இருக்கிற ஆச்சிக்குத் தெரியாது. மேலு குளுந்துருச்சுன்னு தலைக்குத் தண்ணி ஊத்தி, இட்லி ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருவா. காய்ச்சல் விட்ட பிறகு வயித்து வலி, விடாத வாந்தி, பல் ஈறுல ரத்தம், பிள்ளை துவண்டு கிடக்கிறது, இதுல எது வந்தாலும் ஓடியாங்கன்னு ஆச்சிக்குப் புரியிற மாதிரிச் சொல்லப் பழக்கு. பிளேட்லெட் எண்ணிக்கையைப் பத்தி நீ பேச வேண்டியதில்ல, அதை டீ மாஸ்டரே உன்னைவிட விளக்கமாச் சொல்வாரு. காய்ச்சலுக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடுற பழக்கத்தை மட்டும் பேசித் தீரு. போட்ட கொஞ்ச நேரத்துல வேர்த்து ஊத்தி உடம்பு குளுந்துரும், கைராசி டாக்டர்னு பேரு வந்துரும். டெங்குல ரத்தம் கசியிற நேரம் பாத்து அந்தக் கைராசி ஆளைக் கவுத்துரும். பாரசிட்டமால் போதும்.

இப்ப நான் முக்கியமாச் சொல்ல வந்த சங்கதி. கோவணம்.

சிரிக்காதே. மழை ஓஞ்சு பனி விழுகிற மாசங்கள்ல, ஆடு மேய்க்க, விறகு பொறுக்க, வெளிக்கிருக்கன்னு புதருக்குள்ள போற சனத்துக்கு ஒரு காய்ச்சல் வருதே, உண்ணிக் காய்ச்சல், நீங்க ஸ்க்ரப் டைபஸுங்கிறது. கண்ணுக்குத் தட்டுப்படாத ஒரு பூச்சியோட குஞ்சு கடிக்குது. கடிச்சது தெரியவும் செய்யாது. கடிச்ச இடத்துல கருப்பாக் காஞ்ச பொருக்கு, சுத்திச் செவப்பு. அது எங்க உக்காரும்? அரைஞாண் கயித்துக்கு அடியில, கோவணம் மறைக்கிற தொடையிடுக்குல, அக்குள்ல. பொம்பளைகளுக்கு மார்புக்குக் கீழே, பாவாடை நாடா இறுகுற இடத்துல. சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பு வைக்கிறவரு கண்ணுல அது எந்தக் காலத்துல படும்?

படாம என்ன ஆகுது? டைபாய்டுன்னு நினைச்சு செஃப்ட்ரியாக்சோன் ஊசி. அது கேக்கலேன்னா அதைவிடப் பெரிய ஊசி. அந்தக் கிருமி செல்லுக்குள்ள குடியிருக்கிறது, பென்சிலின் வகையறாவும் செஃபலோஸ்போரின் வகையறாவும் அதை ஒண்ணும் பண்ணாது. கேக்கிறது டாக்சிசைக்ளின். வேளைக்கு 100 மில்லிகிராம், தினம் ரெண்டு வேளை, ஒரு வாரம். பெரும்பாலும் ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிரும். கர்ப்பிணின்னா அசித்ரோமைசின். டாக்சிசைக்ளின் வெலை ரொம்பச் சல்லிசு. அதனாலதான் அதுக்கு ரெப்பும் கிடையாது, வெளியே மேசையும் கிடையாது, எலுமிச்சை சாதமும் கிடையாது. அந்த மாத்திரைக்கு நீதான் ரெப்பு வேலை பாக்கணும்.

வேலூர் சி.எம்.சி.யைச் சேந்த ஜார்ஜ் வர்கீஸும் கூட்டாளிகளும் ஏறக்குறைய 800 பேரை வச்சுப் பார்த்து, முத்திப்போன உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேத்து நரம்புல ஏத்தினா ஒத்தை மருந்தைவிட மேல்னு 2023ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ல போட்டாக. நீ இதை அரை மணி நேரம் மீசையைத் தடவிக்கிட்டுச் சொல்வ. சொல்லு, நம்ம பக்கத்துக் காரியம். ஆனா அந்தக் கட்டத்துக்கு வந்து சேர்றவுகள்ல எத்தனை பேரை மொத வாரத்துல யாரும் சட்டையைக் கழட்டச் சொல்லலைன்னும் ஒரு வார்த்தை சேத்துக்கோ.

ஏன் சொல்லலை? சோம்பல்னு நினைச்சுறாதே. அந்த ரூம்ல திரைச்சீலை கிடையாது. கதவு தொறந்தே கெடக்கும், அடுத்த டோக்கன் உள்ளேயே நிக்கும். ஆம்பளை டாக்டர், வயசுப் பொம்பளை, கூட மாமியா. எந்த வாயால கேப்பாரு? மூலையில ஒரு கம்பி, ஒரு சீலை, கூட ஒரு நர்ஸம்மா. பொருக்கு எப்பிடி இருக்கும்னு நர்ஸம்மாவுக்குப் படம் காட்டி வச்சிட்டா, அவளே உள்ள கூட்டிப் போயிப் பாத்துட்டு வந்து "இருக்குங்கய்யா"ன்னு சொல்லிருவா. உன் ஸ்லைடுல இருக்கிற ஜீன் படத்துல ஒண்ணை உருவிட்டு, அந்த இடத்துல ஒரு திரைச்சீலைப் படத்தைப் போடு. தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸ்ல தள்ளுபடி உண்டுன்னும் சொல்லிரு. குறிச்சுக்கிடுவாக.

வைடால் டெஸ்டைத் திட்டாம உன்னால இருக்க முடியாது, தெரியும். 1896ல வந்த டெஸ்டு, நம்ம ஊருல ஒத்தைத் தடவை எடுத்துப் பார்த்து டைபாய்டுன்னு சொல்லக்கூடாது, எல்லாம் சரி. ஆனா 'பாசிட்டிவ்'னு அடிச்ச காகிதம் கைக்கு வந்ததும் நோயாளி மொகத்துல ஒரு தெம்பு வருது பாரு, 'அப்பாடா, கண்டுபிடிச்சுட்டாக'ன்னு. லேப்புல விக்கிறது அந்தத் தெம்பைத்தான். மாத்து என்ன? ரத்தக் கல்ச்சர், அதுவும் மொத ஆன்டிபயாடிக்கு உள்ள போறதுக்கு முன்னால. பாட்டிலை எங்க வாங்குறது, எந்த லேப்புக்கு எந்த பஸ்ஸுல கொடுத்து விடுறது, ரிசல்ட்டை யாரு போன்ல சொல்லுவா? இது மூணுக்கும் பதில் இல்லாம 'கல்ச்சர் எடுங்க'ன்னு சொன்னா, கைதட்டுவாக. எடுக்க மாட்டாக.

காசநோய்க்கும் அஞ்சு நிமிசம் ஒதுக்கு. சும்மா சளின்னு லீவோஃப்ளாக்சசின் எழுதினா, காசநோய்க்காரனுக்கும் கொஞ்ச நாள் தேவலாம்னு இருக்கும். அவனும் சந்தோசமா இருமலை வீட்டுல எல்லாருக்கும் பங்கு வச்சுருவான். ரெண்டு வாரம் தாண்டின இருமலுக்குச் சளி டெஸ்டு எடுத்துட்டு மத்ததைப் பேசச் சொல்லு. இதுல நமக்குப் பெரிய வரலாறே இருக்கு. மெட்ராஸ்ல 1956ல ஆரம்பிச்ச காசநோய் ஆராய்ச்சி நிலையம்தான், சானடோரியத்துல படுக்க வைக்காம வீட்டுல வச்சே மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகும்னு 1959ல உலகத்துக்குக் காட்டுனது. எப்பிடி முடிஞ்சுது? நோயாளியோட வாசலுக்குப் போனாக. சொல்லாமப் போயி மாத்திரையை எண்ணினாக.

நீயும் அப்பிடி வாசலுக்குப் போனா என்ன? போன பொங்கலுக்கு நம்ம திண்ணையில உக்காந்து நீயே சொன்ன கதைதானே. அமெரிக்காவுல ஜெர்ரி ஏவார்ன்னு ஒருத்தரு நாலு மாநிலத்துல 400க்கு மேற்பட்ட டாக்டருங்களை வச்சுப் பார்த்து 1983ல எழுதினாரு. சில பேருக்கு அச்சடிச்ச காகிதம் மட்டும் போச்சு. சில பேருகிட்ட ரெப் போற தினுசுலயே ஆளு நேர்ல போயி, எதிர்ல உக்காந்து பேசினாக. காகிதம் வாங்கினவுக அசையலை. ஆளு போன இடத்துல வேண்டாத மருந்து 14 சதவீதம் குறைஞ்சுது. அதுல ஒண்ணு செஃபலோஸ்போரின் மாத்திரை. எனக்கு இம்புட்டையும் சொல்லிட்டு நீ என்ன பண்ற? மண்டபம் பிடிச்சு மைக்கைப் பிடிக்கிற.

ரெப் தம்பியைப் பாத்துப் படி. வாரா வாரம் வர்றான். டாக்டர் மகளுக்கு எந்தக் காலேஜ்ல எடம் கெடைச்சுதுங்கிறது வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கான். பையைத் தொறந்து ஃபேரோபெனம் மாத்திரையை எடுத்து வைக்கிறான். பெரிய ஆஸ்பத்திரியில இழுத்துக்கிட்டுக் கெடக்கிறவனுக்கு ஏத்துற கார்பபெனம் ஊசி இருக்கே, அதுக்குப் பங்காளி இது. சின்ன நீர்க்கடுப்புக்கு எழுதிப் பாருங்க டாக்டருங்கிறான். எங்க காலத்துல வீட்டுல கஞ்சி இல்லேன்னாலும் குலுக்கையில கெடக்கிற விதைச்சோளத்துல கை வைக்க மாட்டாக. இந்த மருந்தும் அப்பிடிக் கடைசிக்கு வச்சுக்கிற விதைதான்னு டாக்டருக்கு எதிர்ல உக்காந்து யாரு சொல்றது? வருஷத்துக்கு ஒருக்க மாலை வாங்கிட்டுப் போற நீயா?

இன்னொண்ணும் இருக்கு, கோவிச்சுக்காதே. எங்க ஊரு நோயாளி உன் மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்ததும், பழைய சீட்டைக் கையில வாங்கி, "எவன்யா இதை எழுதினது?"ன்னு அவன் முன்னாலயே கேக்குறீக பாரு. அந்த வார்த்தை நோயாளிக்கு முந்தி ஊரு வந்து சேந்துரும். அதைக் கேட்டவரு உன் கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வருவாரு. அதுக்குப் பதிலா, இன்ன நோயி, இன்னது கொடுத்தோம்னு ரெண்டு வரி எழுதி அவருக்குத் திருப்பி அனுப்பு. எந்தத் தெருவுல இந்த வாரம் காய்ச்சல்னு அவருக்குத்தான் மொதல்ல தெரியும், உனக்கு ஸ்ட்ரெச்சர் வந்த பிறகுதான். ஞாயித்துக்கிழமையும் மொத ஒரு மணி நேரம் நீ பேசாதே, கேளு. போன வாரம் காய்ச்சலுக்கு என்ன எழுதினீங்க, ஏன் எழுதினீங்கன்னு கேளு. ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாக. சாப்பாட்டுக்கு அப்புறம் வெத்தலை போடும்போது கேளு, ஒருத்தரும் நிறுத்த மாட்டாக. மருந்துக்கடைக்காரங்களையும் கூப்பிடு. அந்த மச்சானையும் சேத்து.

எல்லாரும் கடைசி ஸ்லைடுல 'தேங்க் யூ'ன்னு ஒரு பூப்படம் போடுறீக. அதை எடுத்துட்டு உன் போன் நம்பரைப் போடு. ஆஸ்பத்திரி வரவேற்புல இருக்கிற நம்பர் வேண்டாம், 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்'னு சொல்லியே நோயாளியைக் குணப்படுத்திரும். உன் சொந்த நம்பரைப் போடு. ராத்திரி எட்டு மணிக்கு எங்க டாக்டர் அடிப்பாரு. அஞ்சு நாளாக் காய்ச்சல், இடுப்புல பொருக்கு இருக்கு, போட்டோ அனுப்பியிருக்கேன், டாக்சிசைக்ளின் ஆரம்பிக்கட்டுமான்னு கேப்பாரு. அரை நிமிசம் பேசு. அதுக்குக் கிரெடிட் மணிக்கணக்குக் கிடையாது, உனக்கும் கிடையாது, அவருக்கும் கிடையாது. அடிச்சு அடிச்சுப் பார்த்தும் எடுக்கலேன்னு அவரு வந்து எங்கிட்டச் சொன்னாருன்னு வையி, நான் உனக்குப் போன் பண்ண மாட்டேன். உங்க அம்மாவுக்குப் பண்ணுவேன்.